51 சதவீதமும் ஒரு மச்சானும்: அமெரிக்காவில் படைவீரர் நிறுவனச் சான்று வாங்கும் வழி

மாதத்துக்கு ஒரு முறையாவது எனக்கு இப்படி ஒரு போன் வந்துவிடும். "தம்பி, நீங்க ஆர்மில இருந்தவராமே? ஒரு கம்பெனி போடலாம். 51 உங்க பேர்ல, 49 எங்க பேர்ல. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், மாசாமாசம் ஒரு தொகை வந்துரும்." பேசுகிறவர் பெரும்பாலும் நல்ல மனிதர்தான். பொங்கல் விழாவில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார். தான் கேட்பது குற்றம் என்றே அவருக்குத் தெரியாது. இங்கே இதற்கு ஒரு பெயரே உண்டு: ரென்ட்-எ-வெட். வாடகைக்கு ஒரு படைவீரன். படைவீரர் கம்பெனிகளுக்கென்று மத்திய அரசு ஒதுக்கும் வேலைகளைப் பிடிக்க, பெயருக்கு மட்டும் ஒரு முன்னாள் படைவீரரை முன்னால் நிறுத்துவது. இதில் மாட்டிச் சிறைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். நான் சிரித்துக்கொண்டே "வேண்டாம்ண்ணே" என்று சொல்லிவிடுவேன்.

ஆனால் சிரிக்க எனக்கு முழுத் தகுதி இல்லை. என் சொந்தக் கம்பெனியின் பத்திரத்தை முதலில் எழுதியபோது, எனக்கே தெரியாமல் கிட்டத்தட்ட அதையேதான் எழுதி வைத்திருந்தேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

நான் இருப்பது டெக்சாஸில், சான் அன்டோனியோ. ஐந்து பேர் வேலை செய்யும் ஏசி பழுதுபார்க்கும் கம்பெனி. மாணவர் விசாவில் வந்தவன், 2013இல் மாவ்னி திட்டத்தில் ராணுவத்தில் சேர்ந்தேன். கிரீன் கார்டு இல்லாதவர்களையும், ராணுவத்துக்குத் தேவைப்பட்ட சில மொழிகள் தெரிந்திருந்தால் சேர்த்துக்கொண்ட திட்டம் அது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. ஃபோர்ட் ஜாக்சனில் பயிற்சி முடியும்போது குடியுரிமை கிடைத்தது. பிறகு வர்ஜீனியாவில் ஃபோர்ட் லீயில் குளிர்சாதன இயந்திர வேலை கற்றுக்கொடுத்தார்கள். 2018இல் வெளியே வந்தேன். முதுகு வலியும், காதில் ஓயாத ஒரு இரைச்சலும் கூடவே வந்தன.

யாருக்கு, எதற்கு

சான்று இரண்டு வகை. படையில் இருந்தவர் நடத்தும் சிறு நிறுவனம் என்பது ஒன்று, விஓஎஸ்பி. படைப்பணியால் உடற்குறை ஏற்பட்டவர் நடத்தும் சிறு நிறுவனம் என்பது இன்னொன்று, எஸ்டிவிஓஎஸ்பி. இரண்டாவதற்குத்தான் மதிப்பு அதிகம். மத்திய அரசு தன் ஒப்பந்தப் பணத்தில் இந்த வகை நிறுவனங்களுக்குத் தர வேண்டிய இலக்கு முன்பு 3 சதவீதம். 2023 டிசம்பரில் கையெழுத்தான பாதுகாப்புச் சட்டம் அதை 5 ஆக உயர்த்தியது. முதல் வகைச் சான்று பெரும்பாலும் விஏ என்கிற முன்னாள் படைவீரர் துறையில் மட்டும்தான் பயன்படும். அந்தத் துறையில் அது சாதாரணப் பயன் இல்லை. தகுதியுள்ள இரண்டு படைவீரர் நிறுவனங்களாவது நியாயமான விலைக்கு ஏலம் கேட்கும் என்று தெரிந்தால், அந்த வேலையை அவர்களுக்கென்றே ஒதுக்கியாக வேண்டும் என்று 2016இல் கிங்டம்வேர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

"உடற்குறை" என்ற சொல்லைக் கேட்டுப் பலர் பின்வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். கை கால் நன்றாக இருக்கிறது, இதற்குப் போய் மனு போடுவதா என்று ஒரு கூச்சம். என்னோடு பணியாற்றிய ஒருவர்தான் திட்டி அனுப்பினார். காது இரைச்சலுக்கு மட்டும் 10 சதவீதம் வந்தது, முதுகுக்குத் தனி. தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: பணியால் வந்தது என்று விஏ ஒப்புக்கொண்டு 0 சதவீதம் கொடுத்திருந்தாலும் போதும், எஸ்டிவிஓஎஸ்பிக்குத் தகுதி உண்டு. அந்தப் பூஜ்யத்தை வீணான தாள் என்று டிராயரில் போட்டு வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. இணையத்தில் தேடினால் சிவிஇ என்ற அலுவலகத்துக்கு மனு போடச் சொல்லும் பழைய வழிகாட்டிகள் நிறைய வரும். அது விஏவுக்குள் இருந்த பிரிவு. 2023 ஜனவரி 1 முதல் இந்த வேலை முழுக்க எஸ்பிஏ என்கிற சிறுதொழில் நிர்வாகத்துக்குப் போய்விட்டது. "நானே சொல்லிக்கொள்கிறேன், என் கம்பெனி படைவீரர் கம்பெனி" என்று சாம் என்ற அரசுப் பதிவுத் தளத்தில் டிக் அடித்துவிட்டு ஏலம் கேட்ட காலமும் முடிந்தது. மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ஒரு டாலர்கூட இல்லை. யாராவது "சான்றுக் கட்டணம்" என்று கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

முதலில் பெயர்

மற்றவர்களுக்கு இல்லாத ஒரு தொல்லை நம் ஊர்க்காரர்களுக்கு உண்டு: பெயர். அப்பா பெயர் இனிஷியலா, கடைசிப் பெயரா, முதல் பெயரா? பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் வேறு மாதிரி, குடியுரிமை வாங்கும்போது மாற்றிக்கொண்டது மூன்றாவது மாதிரி. நீங்கள் படையில் இருந்தவர்தானா என்பதை எஸ்பிஏ விஏவின் பதிவேட்டோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது. அங்கே பெயர், பிறந்த தேதி, சோஷியல் எண் மூன்றும் பொருந்த வேண்டும். படையிலிருந்து விலகும்போது தரும் டிடி 214 என்ற தாளில் அப்பா பெயர் முன்னால், என் பெயர் பின்னால். கம்பெனிப் பத்திரத்தில் தலைகீழ். இரண்டு பேரும் நானே என்று நிரூபிக்க ஒரு வாரம் போயிற்று.

அதனால் மனுவைத் தொடுவதற்கு முன்பே, கையில் இருக்கும் எல்லாத் தாளையும் மேசையில் பரப்பிப் பெயர்களை மட்டும் வாசியுங்கள். எது சட்டப்படி இன்றைய பெயரோ, அதே எழுத்தில், அதே வரிசையில் கம்பெனித் தாள்கள் எல்லாம் இருக்கட்டும். பழைய டிடி 214ஐ மாற்றப் போக வேண்டாம். பெயர் மாறியதைக் காட்டும் தாளை உடன் வைத்தால் போதும். டிடி 214இல் பல பிரதிகள் உண்டு. பணி விலகல் எத்தகையது என்ற விவரம் இருக்கும் பிரதிதான் வேண்டும், மெம்பர்-4 என்று அடியில் அச்சாகியிருக்கும். மெம்பர்-1 என்ற சுருக்கப் பிரதியில் அந்த விவரமே இருக்காது. தொலைந்துபோயிருந்தால் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகக் கேட்டு வாங்கலாம். அவமதிப்பு விலகலாக இருக்கக் கூடாது என்பது விதி.

பிறகு சாம்

சாம் என்பது மத்திய அரசோடு வியாபாரம் செய்ய எல்லோரும் பதிந்தாக வேண்டிய இடம். இதுவும் இலவசம். பதிந்தால் 12 எழுத்தெண் கொண்ட யூஇஐ என்ற நிறுவன அடையாள எண் கிடைக்கும். பழைய டன்ஸ் எண்ணுக்குப் பதிலாக 2022 ஏப்ரலில் வந்தது. 5 எழுத்தெண்ணில் கேஜ் கோடு என்ற இன்னொரு அடையாளக் குறியும் வரும். பதியும்போது நோக்கம் என்ன என்று கேட்கும் இடத்தில் "எல்லா வகை ஒப்பந்தங்களும்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். மானியம் மட்டும், எண் மட்டும் என்று வேறு தேர்வுகளும் இருக்கின்றன. அவசரத்தில் எண் மட்டும் வாங்கிவிட்டு, ஏலம் கேட்கப் போகும்போது விழிப்பவர்கள் உண்டு.

இங்கேயும் எழுத்துப் பொருத்தம்தான் கதை. கம்பெனி பெயருக்கும் அதன் பின்னால் வரும் எல்எல்சி என்ற நிறுவன வகைச் சொல்லுக்கும் நடுவே ஒரு கமா. மாநிலப் பதிவில் அந்தக் கமா இருந்தது. வரித்துறை அனுப்பிய கடிதத்தில் இல்லை. மின்கட்டண ரசீதில் பெயரே பாதிதான். வரித்துறைப் பெயரை அவர்கள் கடிதத்தில் இருப்பது போலவும், சட்டப் பெயரை மாநிலப் பதிவில் இருப்பது போலவும் அந்தந்தக் கட்டத்தில் அச்சாக இட வேண்டும். வரித்துறைக் கடிதம் தொலைந்திருந்தால் போன் செய்து 147சி என்ற கடிதம் கேளுங்கள், அனுப்புவார்கள். தபால் பெட்டி முகவரி செல்லாது.

சாமில் பெயர் ஏறிய மறுநாளே போன்களும் மெயில்களும் கொட்ட ஆரம்பிக்கும். "உங்கள் பதிவு காலாவதியாகப் போகிறது, உடனே பணம் கட்டுங்கள்" என்று அரசு முத்திரை மாதிரியே ஒன்றைப் போட்டு வரும். அரசு முகவரி .கவ் என்று முடியும், மற்றதெல்லாம் வியாபாரம். இதற்கென்றே ஒரு தனி மெயில் முகவரி வைத்துக்கொள்ளுங்கள், வீட்டு மெயில் பிழைத்துக்கொள்ளும்.

சாமில் நெய்க்ஸ் கோடுகளும் கேட்பார்கள், என்ன தொழில் என்பதற்கான எண். எனக்கு 238220: குழாய், வெப்ப, ஏசி வேலைகள். ஒவ்வொரு கோடுக்கும் "சிறு நிறுவனம்" என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. என்னுடையதற்கு ஆண்டு வரவு 19 மில்லியன் டாலர், ஐந்தாண்டு சராசரியில். துப்புரவு வேலைக்கு, 561720க்கு, 22 மில்லியன். என் வரவைப் பார்த்தால் அந்த வரம்பைத் தொட இன்னும் மூன்று ஜென்மம் ஆகும். ஆனால் மனைவிக்கோ அப்பாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ வேறு கம்பெனி இருந்து, இரண்டுக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தால், அந்த வரவையும் சேர்த்துப் பார்க்கலாம். அதை முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

பத்திரத்தில் இருந்த மச்சான்

இப்போது முக்கியமான இடம். கம்பெனி தொடங்கப் பணம் கொடுத்தது என் மனைவியின் அண்ணன். ஆஸ்டினில் சாப்ட்வேர் வேலை. ஏசியின் வெளி யூனிட்டுக்கும் உள் யூனிட்டுக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் நான் வேன் வாங்கவும், வெற்றிட பம்பு வாங்கவும், முதல் ஆறு மாத இன்சூரன்ஸ் கட்டவும் ஒரு கேள்வி கேட்காமல் பணம் போட்டவர். எனக்கு 51, அவருக்கு 49 என்று வைத்தோம். இணையத்திலிருந்து ஒரு மாதிரிப் பத்திரத்தை இறக்கி, பெயர்களை நிரப்பிக் கையெழுத்துப் போட்டோம். டெக்சாஸில் அதற்குக் கம்பெனி அக்ரிமென்ட் என்று பெயர். மற்ற மாநிலங்களில் ஆபரேட்டிங் அக்ரிமென்ட்.

மனு போடுவதற்கு முன், அரசு ஒப்பந்தங்களுக்கு வழிகாட்டும் ஏபெக்ஸ் ஆக்சிலரேட்டர் அலுவலகத்துக்குப் போனேன். முன்பு பிடாக் என்று இருந்ததுதான் இப்போது இந்தப் பெயரில் பாதுகாப்புத் துறையின் கீழ் இயங்குகிறது. எல்லா மாநிலங்களிலும் உண்டு, ஆலோசனைக்குக் காசு இல்லை. அங்கே இருந்த அம்மா என் பத்திரத்தை எடுத்து, ஒரு மஞ்சள் பேனாவோடு முதல் வரியிலிருந்து வாசித்தார். அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நான்கு இடத்தில் மஞ்சள் விழுந்திருந்தது.

முதல் மஞ்சள்: "முக்கிய முடிவுகள் எல்லா உறுப்பினர்களின் ஒப்புதலோடு எடுக்கப்படும்." என்ன தப்பு என்று கேட்டேன். "ஒரு லாரி வாங்க வேண்டும் என்றால் இவர் வேண்டாம் என்று சொல்ல முடியுமா?" என்றார். முடியும். "அப்படியானால் கம்பெனி உங்கள் கையில் இல்லை." 51 சதவீதம் இருக்கிறதே என்றேன். பங்கு ஒன்று, பிடி இன்னொன்று என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

விதி இப்படித்தான். படைவீரருக்குக் குறைந்தது 51 சதவீதம் நேரடியாக, நிபந்தனை இல்லாமல் சொந்தமாக இருக்க வேண்டும். அதோடு அன்றாட நிர்வாகமும் நீண்டகால முடிவுகளும் அவர் கையில் இருக்க வேண்டும். மற்றவர் தடுக்கக்கூடிய விஷயங்கள் சில மட்டும் அனுமதிக்கப்படுகின்றன: புதிய பங்குதாரரைச் சேர்ப்பது, கம்பெனியைக் கலைப்பது, விற்பது, இன்னொன்றோடு இணைப்பது, திவால் அறிவிப்பது போன்றவை. அவருடைய முதலீட்டைக் காக்க அது போதும். லாரி வாங்க, ஆள் எடுக்க, ஏலத் தொகை முடிவு செய்ய அவர் கையெழுத்து தேவைப்படக் கூடாது.

இரண்டாவது மஞ்சள்தான் எனக்கு வலித்தது. மச்சான் போட்ட பணம் திரும்பும் வரை லாபத்தில் 60 சதவீதம் அவருக்கு என்று எழுதியிருந்தோம். நம் பக்கத்துக் குடும்பங்களில் இது ரொம்ப சகஜம். பணம் போட்டவன் முதலில் எடுக்கட்டும் என்பது மரியாதையும்கூட. ஆனால் பங்குதாரர்களுக்குப் பிரியும் லாபத்தில் படைவீரருக்கு ஒவ்வொரு ஆண்டும் 51 சதவீதமாவது சேர வேண்டும். ஒரு வருஷம் தள்ளிக்கூட வைக்க முடியாது.

மூன்றாவது, நான் ஐந்தாண்டில் கம்பெனியை விட்டுப் போனால் என் பங்கை இன்ன விலைக்கு அவரே எடுத்துக்கொள்ளலாம் என்ற ஒரு வரி. மாதிரிப் பத்திரத்தோடு வந்தது, நாங்கள் இருவருமே அதைப் படித்திருக்கவில்லை. நிபந்தனை இல்லாத உரிமை என்ற சொல்லோடு அது ஒத்துப்போகாது. நான்காவது, பதவி. மச்சானுக்குப் பிரசிடென்ட் என்று போட்டிருந்தேன். வயதில் மூத்தவர், பணம் போட்டவர், விசிட்டிங் கார்டில் நன்றாக இருக்கும் என்று. கம்பெனியின் மிக உயர்ந்த பதவி படைவீரருக்குத்தான். அது எந்தப் பெயரில் இருந்தாலும் சரி.

அன்று இரவு அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வேனிலேயே உட்கார்ந்திருந்தேன். பணம் வாங்கியவன் போய், "இனிமேல் நீங்கள் வேண்டாம் என்று சொல்ல முடியாது" என்று பணம் கொடுத்தவரிடம் சொல்ல வேண்டும். மனைவிதான் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "மாப்ளே, எம் பணத்துக்கு என்ன பத்திரம்?"

நியாயமான கேள்வி. அதற்கு வழி இருந்தது. அவர் போட்டதில் பெரும்பகுதியைக் கம்பெனி அவரிடம் வாங்கிய கடனாக மாற்றினோம். வங்கி வட்டிக்குப் பக்கத்தில் வட்டி, மாதத் தவணை, புரோநோட்டு, தனிக் கையெழுத்து. கடனைப் பங்காக மாற்றிக்கொள்ளும் வரி மட்டும் இருக்கக் கூடாது. பங்கு 49இலிருந்து 20 ஆயிற்று. பிரசிடென்ட் பதவி போயிற்று. புதிய பத்திரத்தை ஒரு வக்கீல் எழுதினார். இந்த நடைமுறையில் எனக்கு ஆன பெரிய செலவு அதுதான், ஆனால் அந்தச் செலவை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

வேறு வேலையில் இருந்துகொண்டே கம்பெனி நடத்துகிறவர்கள் இங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தொழில் நடக்கும் வழக்கமான நேரத்தில் படைவீரர் அங்கே இருக்க முடியவில்லை என்றால், பிடி அவர் கையில் இல்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். இருக்கிறது என்று காட்ட வேண்டியது நீங்கள். அதே மாதிரி, தொழிலுக்கான உரிமம் பங்கு வைத்திருக்கும் வேறொருவர் பெயரில் இருந்தாலும் சந்தேகம் வரும். டெக்சாஸில் ஏசி ஒப்பந்தக்காரர் உரிமம் என் பெயரிலேயே இருந்ததால் அந்தக் கேள்வி எனக்கு எழவில்லை. கம்பெனியில் என்னைவிட வேறு யாருக்காவது சம்பளம் அதிகமாக இருந்தாலும், ஏன் என்று விளக்கம் எழுத வேண்டி வரும். ஆரம்பத்தில் நான் சம்பளமே எடுக்காத மாதங்கள் உண்டு. கம்பெனி நிற்பதற்காக நானே குறைத்துக்கொண்டேன் என்று ஒரு பக்கக் கடிதம் தயாராக வைத்திருந்தேன்.

மனு

மனுவை எஸ்பிஏவின் சான்றிதழ்த் தளத்தில்தான் போட வேண்டும். யூஇஐ கொடுத்தால் சாம் விவரம் தானாக வரும். அதனால்தான் சாம் முதலில். மாநிலப் பதிவுத் தாள், அக்ரிமென்ட், அதன் திருத்தங்கள், பங்கு யாருக்கு எவ்வளவு என்பதற்கான தாள், படைப்பணிக்கும் உடற்குறைக்கும் ஆதாரம் எல்லாவற்றையும் பிடிஎஃபாக ஏற்ற வேண்டும். நிரப்ப யார் வேண்டுமானாலும் உதவலாம், ஆனால் உண்மை என்று உறுதி சொல்வது நீங்கள். பொய் சொன்னால் அபராதம், சிறை, அரசு ஒப்பந்தங்களிலிருந்து விலக்கு.

நான் எல்லாம் சரி என்று நினைத்து அனுப்பினேன். சில வாரங்களில் ஒரு கேள்வி வந்தது: மாநிலப் பதிவில் நிர்வாகிகள் என்று இரண்டு பெயர் இருக்கிறதே? அக்ரிமென்டை மாற்றியவன், முதல் நாள் மாநிலத்துக்குக் கொடுத்த 205ஆம் படிவத்தை மறந்துவிட்டேன். அதில் மச்சானும் நானும் மேனேஜர்கள். 424ஆம் படிவத்தில் திருத்தம், 150 டாலர், சில நாள் காத்திருப்பு. அப்புறம் யோசித்தபோது இன்னொன்று உறைத்தது: ஒவ்வொரு மே 15க்கும் வரி விவரத்தோடு கொடுக்கும் பொதுத் தகவல் அறிக்கையிலும் அவர் பெயர் மேனேஜராகவே போய்க்கொண்டிருந்தது. அதையும் திருத்தினேன். கேள்வி வந்தால் பயப்பட வேண்டாம், கெடு தேதிக்குள் பதில் போட்டால் போதும். மெயிலைப் பார்க்காமல் விடுவதுதான் ஆபத்து.

முழுமையான மனுவை முடிந்தவரை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது எஸ்பிஏவின் விதி. மறுத்தால் 10 வேலை நாளுக்குள் எஸ்பிஏவின் விசாரணை மன்றத்தில் முறையிடலாம். இல்லையென்றால் குறையைச் சரிசெய்து 90 நாள் கழித்துத் திரும்பப் போடலாம். குறை பத்திரத்தில் இருந்தால் நான் இரண்டாவதையே சொல்வேன். பத்திரத்தில் எழுதியிருப்பதை முறையீட்டில் வாதாடி மாற்ற முடியாது.

படைவீரர் இறந்துபோனால் அவருடைய மனைவியோ கணவரோ சில நிபந்தனைகளோடு குறிப்பிட்ட காலத்துக்கு இந்தத் தகுதியைத் தொடரலாம். இதைப் பற்றிப் பேச நம் வீடுகளில் யாருக்கும் வாய் வராது, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

சான்று வந்த பிறகு

ஒன்றும் நடக்காது. உண்மையாகவே. சான்று வந்த அன்று மனைவி கேசரி கிண்டினாள். அடுத்த ஐந்து மாதம் அரசிடமிருந்து ஒரு அழைப்பு இல்லை. சான்று என்பது உள்ளே நுழைய விடும் சீட்டு, அவ்வளவுதான்.

வேலை தேடுவதும் சாம் தளத்தில்தான். நெய்க்ஸை மட்டும் வைத்துத் தேடாமல், அரசு எந்தப் பொருளை, எந்தச் சேவையை வாங்குகிறது என்பதற்கான பிஎஸ்சி கோடையும் போட்டுத் தேடுங்கள். ஏசி பராமரிப்புக்கு ஜே041. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் என் கண்ணில் படும் அறிவிப்புகள் பெருகின. ஏல அறிவிப்புக்கு முன்னால் "சோர்சஸ் சாட்" என்று ஒன்று போடுவார்கள்: இந்த வேலையைச் செய்யக்கூடியவர்கள் யார் யார் இருக்கிறீர்கள் என்ற விசாரிப்பு. பணம் இல்லாத அறிவிப்பு என்று பலர் தாண்டிப் போய்விடுவார்கள். நான் ஒன்றையும் விடுவதில்லை. சான்று பெற்ற இரண்டு பேர் அதற்குப் பதில் எழுதினால்தான் அதிகாரிக்கு அந்த ஏலத்தை நமக்கென்று ஒதுக்க ஆதாரம் கிடைக்கும். இரண்டு பக்கம் போதும்: என்ன செய்திருக்கிறோம், எத்தனை டன் இயந்திரம் வரை பார்த்திருக்கிறோம், எத்தனை ஆள்.

துப்புரவு வேலையை நம்பி வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மத்திய அரசுக் கட்டடங்களின் துப்புரவில் கணிசமான பகுதி எபிலிட்டிஒன் என்ற திட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. பார்வையற்றோர், மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தரும் அமைப்புகளுக்கானது. அந்தப் பட்டியலில் உள்ள வேலை பெரும்பாலும் ஏலத்துக்கே வராது.

விலை போடும்போது சேவை ஒப்பந்தச் சட்டத்தின் கூலிப் பட்டியலைப் பார்க்காமல் போடாதீர்கள். ஒவ்வொரு பகுதிக்கும், ஒவ்வொரு வேலைக்கும் குறைந்தபட்சக் கூலியும், அதன் மேல் மருத்துவக் காப்பீடு போன்றவற்றுக்காக ஆள்களுக்குத் தர வேண்டிய சலுகைத் தொகையும் இருக்கும். ஏல ஆவணத்தோடு இணைத்திருப்பார்கள். என் முதல் ஏலத்தில் நான் கொடுக்கும் கூலியை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டேன். நல்ல வேளை, அந்த வேலை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கையிலிருந்து கொடுத்திருப்பேன்.

வேலையை வாங்கி முழுவதையும் வேறொருவருக்குத் தள்ளிவிடவும் முடியாது. சேவை ஒப்பந்தத்தில், வரும் பணத்தில் 50 சதவீதத்துக்கு மேல் நாம் வைத்திருக்கும் சான்று இல்லாத நிறுவனத்துக்குப் போகக் கூடாது. என் மாதிரித் தனித் தொழில் கட்டுமான வேலைகளில் அது 75, பொதுக் கட்டுமானத்தில் 85. கட்டுமானத்தில் பொருள் செலவு கணக்கில் வராது. தொடக்கத்தில் பேசிய போன்காரரின் திட்டம் இந்த இடத்திலும் இடிக்கும்.

எனக்கு முதலில் கிடைத்தது ஒரு ராணுவத் தளத்தில், பெரிய கம்பெனி ஒன்றின் கீழ் துணை வேலை. ஏர் ஹேண்ட்லர்களுக்கு ஃபில்டர் மாற்றுவது, பெல்ட் பார்ப்பது, வடிகால் தட்டுகளைக் கழுவுவது. சீருடையில் இருந்தபோது செய்த அதே வேலை, இப்போது என் கம்பெனி பெயர் போட்ட சட்டையில். அந்த அனுபவத்தைக் காட்டித்தான் மறு ஆண்டு நேரடி ஒப்பந்தம் ஒன்று வாங்கினேன். சரியான இன்வாய்ஸ் கொடுத்தால் அரசு பொதுவாக 30 நாளில் பணம் தரும். தாமதமானால் வட்டியும் உண்டு. ஆனால் ஆள்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம். குறைந்தது இரண்டு மாதச் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

தேதிகள் மூன்று. சாம் பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அது காலாவதியான நாளில் ஏலம் கேட்டால் செல்லாது. சான்று மூன்று ஆண்டு. முடிவதற்கு முந்தைய 120 நாளில் மறுபடி விண்ணப்பிக்கலாம். பங்கிலோ நிர்வாகத்திலோ மாற்றம் வந்தால் 30 நாளுக்குள் எஸ்பிஏவுக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஊரிலிருந்து வரும் தினசரிக் காலண்டரில் இந்தத் தேதிகளில் மனைவி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறாள். அதே காலண்டரில் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்கு நீல வட்டம்: மச்சானுக்குத் தவணை. இன்னும் பதினோரு வட்டம் பாக்கி.